பிக்கப் வண்டிக்கு முழுத் தொகையையும் கட்டுவதா, கடன் எடுப்பதா?

கோத்தகிரி விவசாயி:
அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே எங்களுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டமும், கேரட்டும் பீட்ரூட்டும் பயிரிடும் நிலமும் இருக்கின்றன. மேட்டுப்பாளையம் மண்டிக்கு இதுவரை வாடகை வண்டியில்தான் சரக்கு அனுப்பி வந்தோம். அறுவடை நெருக்கும் நாட்களில் வண்டி கிடைப்பதே அரிதாகிவிடுவதால், சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கத் தீர்மானித்திருக்கிறோம். வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து 9 லட்சம் ரூபாய் ஆகிறது. சேமிப்பில் 10 லட்சம் இருக்கிறது. முழுவதையும் கட்டிவிட்டால் கடன் தொல்லை இராது என்பது அப்பாவின் கருத்து. விற்பனை நிலையத்தில் 5 லட்சம் கடனுக்கு 10 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு, மாதத் தவணை 12,500 என்கிறார்கள். வட்டியை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார்கள். எது சரியென்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

குன்னூர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
தம்பி, முதலில் அந்த 12,500 என்ற தொகையைக் கவனியுங்கள். 5 லட்சத்துக்கு ஆண்டுக்கு 50,000 வீதம் ஐந்து ஆண்டுக்கு 2,50,000 வட்டியைக் கூட்டி, 60 மாதத்தால் வகுத்தால்தான் அந்தத் தொகை வரும். நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும், முழு 5 லட்சத்துக்கும் கடைசி மாதம்வரை வட்டி வாங்கும் பிளாட் வட்டி இது. நிலுவைக்கு மட்டும் வட்டி போடும் முறையில் அதே 10 சதவீதத்துக்குத் தவணை ஏறத்தாழ 10,625 ரூபாய்தான். மொத்த வட்டியும் 1,37,000 அளவில் நின்றுவிடும். உங்களிடம் சொல்லப்பட்ட கடனை நிலுவை முறையில் கணக்கிட்டால் வட்டி 17 சதவீதத்தைத் தாண்டுகிறது. 2024 அக்டோபர் முதல், கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கடன் கொடுப்பவர் கட்டாயம் தர வேண்டும். அதை வாங்கிப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

வரி பற்றிச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. பசுந்தேயிலையும் காய்கறியும் விற்று வரும் வேளாண் வருமானத்துக்கு வருமான வரியே இல்லாதபோது, வட்டியை எதில் கழிப்பது? பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்றினால் அது தொழில் வருமானம் ஆகும். அதிலும் மாதம் வண்டிக்கு 7,500 ரூபாய் லாபம் என்று வைத்துக்கொண்டு வரி கணக்கிடும் அனுமானக் கணக்கைத் தேர்ந்தெடுத்தால் வட்டியைத் தனியாகக் கழிக்க இயலாது.

கேத்தி, பிக்கப் உரிமையாளர்:
ஐயா சொன்ன வட்டிக் கணக்கு முற்றிலும் சரி. ஆனாலும் 10 லட்சத்தில் 9 லட்சத்தை வண்டியில் போட்டுவிட்டு, மீதி ஒரு லட்சத்தோடு அடுத்த விதைப்புக்குப் போவதை நான் ஏற்கமாட்டேன். கேரட் விலை சரிந்தால் பறிப்புக் கூலியும் கழுவும் கூலியும்கூடத் தேறாத வாரங்கள் வரும். பசுந்தேயிலைக்கும் தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் சராசரி விலை ஏறி இறங்குகிறது. அந்த நேரத்தில் விதைக்கும் உரத்துக்கும் வெளியே கைமாற்று வாங்கினால், வண்டிக் கடனைவிடப் பல மடங்கு வட்டி கட்ட நேரிடும். மலைச் சாலையில் இரண்டாம் கியரில் பாரத்தோடு ஏறி இறங்கும் வண்டிக்கு கிளட்ச், பிரேக் செலவும் சமவெளியைவிட முன்னதாகவே வந்துவிடும்.

இன்னொன்று. முழுப் பணம் கட்டியவர்களில் சிலர், கேட்க வங்கி இல்லை என்பதால் மறு ஆண்டு, பிறருக்கு நேரும் சேதத்தை மட்டும் ஈடுசெய்யும் மூன்றாம் நபர் காப்பீட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மண்சரிவில் வண்டி சிக்கினால் அந்தக் காப்பீட்டில் எதுவும் கிடைக்காது. முழுக் காப்பீட்டில் மட்டுமே மண்சரிவுச் சேதம் அடங்கும். 2009 நவம்பர் மண்சரிவுகளில் நம் நீலகிரி மாவட்டம் பட்டதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பூம்பாறை, பூண்டு விவசாயி:
கொடைக்கானல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் எண்ணம் அப்பாவின் பக்கம்தான் சாய்கிறது. வடுகபட்டிச் சந்தையில் பூண்டு விற்ற பணம் எங்களுக்கு ஆண்டில் சில மாதங்களில் மட்டுமே வருகிறது; தவணையோ பன்னிரண்டு மாதமும் தேதி தவறாமல் வருகிறது. தவணை தவறினால் அபராதமும், கடன் மதிப்பெண் குறைவும், அதற்கு மேல் வண்டியையே இழுத்துச் செல்லும் நிலையும் உண்டு. இயன்றவரை குறைவாகக் கடன் வாங்குங்கள். சேமிப்பில் ஒரு பகுதியை வைப்புநிதியாகப் போட்டுவைத்தால், அவசரத்துக்கு அதன் மேலேயே, வைப்பு வட்டியைவிடப் பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலான வட்டியில், கடன் பெறலாம்.

முழுத் தொகை என்றாலும் நோட்டாக எடுத்துச் செல்ல வேண்டாம். ஒரு விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை 2017 ஏப்ரல் முதல் சட்டம் தடுக்கிறது. காசோலையோ வங்கிப் பரிமாற்றமோதான் வழி.

கோத்தகிரி விவசாயி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 6 லட்சத்தை வங்கி வழியாகக் கட்டி, 3 லட்சத்தை மட்டும் நிலுவை வட்டியில் மூன்று ஆண்டுக் கடனாகக் கேட்கலாமா? கையில் 4 லட்சம் நிற்கும். அப்பாவும் இதற்கு இசைவார் என்று நம்புகிறேன்.

குன்னூர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
தாராளமாகக் கேளுங்கள். 10 சதவீதமானால் தவணை 9,680 அளவிலும், மொத்த வட்டி 48,500 அளவிலும் வரும். தேயிலைப் பணம் வரும் தேதிக்குப் பிறகு தவணைத் தேதி அமையுமாறு எழுதிக் கேளுங்கள். முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா என்பதையும் அறிக்கையில் பார்த்துவிடுங்கள். வாகனக் கடன்கள் பெரும்பாலும் நிலையான வட்டியில் வருவதால் அக்கட்டணம் இருக்கக்கூடும். கடன் முடிந்ததும் வங்கியிடம் தடையின்மைச் சான்றையும் கடன் பதிவை நீக்கக் கோரும் படிவம் 35-ஐக் கையொப்பத்துடனும் பெற்று, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வங்கியின் பெயரை ஊட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நீக்கிக்கொள்ளுங்கள். பலர் இதை விட்டுவிட்டு, வண்டியை விற்கும்போது அலைகிறார்கள்.