மண் ஓடி வந்ததைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

அப்புத்தளை வாத்தியார்:
போன கிழமை தரம் 10 பிள்ளைகளுக்கு லகார் பாடம். எரிமலைச் சாம்பலும் தண்ணீரும் குழைந்து ஓடும் சேற்றுக்கு ஜாவாக்காரர் வைத்த பெயர் அது. "நம்ம நாட்டுல எரிமலையே இல்லையே சேர், நமக்கு எதுக்கு?" என்றான் ஒருவன். 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) மூடியது என்ன என்று கேட்டேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. எரிமலை இல்லாவிட்டாலும், மழையில் சரிகிற மண்ணும் அப்படித்தான் சேறாக ஓடி வரும்.

நான் கண்டது சின்னச் சரிவுதான். மழை விடவில்லை, ஆனால் லயத்துக்குப் பின்னால் ஓடிய ஓடை வற்றிவிட்டது. பீலியடியில் குடத்தை வைத்த அம்மா, "தண்ணி எங்க போச்சு?" என்றார். அப்பா ஒன்றும் பேசாமல் எங்களைக் கோயில் மேட்டுக்கு இழுத்துப் போனார். மேலே மண் அடைத்துத் தண்ணீர் தேங்கியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் உடைத்துக்கொண்டு வந்தது. முன்னால் கல், பின்னால் சேறு.

மஸ்கெலியாக்காரி:
கல் முன்னால் வந்தது என்கிறீர்களே, எங்களுக்கும் அப்படித்தான். லொறியில் கருங்கல் கொட்டுகிற சத்தம். அது நின்றதும் முடிந்தது என்று நினைத்து மாமா மாட்டை அவிழ்க்க இறங்கினார். அப்புறம் இரண்டாவது தடவை வந்தது. மாமா தப்பினார், மாடு போய்விட்டது. ஏன் விட்டு விட்டு வருகிறது சேர்?

அப்புத்தளை வாத்தியார்:
குழைத்த கொங்கிரீட்டை நினைத்துப் பாருங்கள் அக்கா. வெறும் தண்ணீரில் பெரிய கல் அடியில் தங்கும். கெட்டிச் சேறு அதைத் தூக்கிக்கொண்டே போகும். பெரிய கற்கள் முகப்பில் சேர்ந்து நடமாடும் அணை மாதிரி தடுக்க, பின்னால் சேறு குவிந்து தள்ளும். அதனால்தான் அலை அலையாக வருகிறது. போகிற வழியில் ஆற்றங்கரையையும் அரித்துச் சேர்த்துப் பெருக்கும். கொலம்பியாவில் 1985 நவம்பர் 13 இரவு நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலையின் பனி உருகி ஓடிய லகார், 70 கிலோமீற்றருக்கு மேல் வந்து ஆர்மெரோ நகரை மூடியது. வெடித்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது! இருபதாயிரம் பேருக்கு மேல் செத்துப் போனார்கள். மேட்டுக்கு ஏற நேரம் இருந்தது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

நானுஓயாத் தம்பி:
எங்கள் ஓடை வளைகிற இடத்தில் இரண்டு வீடு. உள்வளைவில் இருந்தது பள்ளத்தில், வெளிவளைவில் இருந்தது மேட்டில். பள்ளத்து ஆட்களைத்தான் முதலில் எழுப்பி அனுப்பினோம். சேறு திரும்பும்போது வெளிப்பக்கமாகச் சாய்ந்து ஏறியது. மேட்டு வீட்டின் இஸ்தோப்பு (முன் திண்ணை) வரை மண். பள்ளத்து வீட்டு வாசலில் கோலம்கூட அழியவில்லை.