10 லிட்டர் வாளியில் தக்காளி, முழுக்க மக்கு உரம், இலை மஞ்சள்: என்ன தப்பு செய்தேன்?

புதுநாற்று:
வணக்கம். முதல் தடவையாகத் தக்காளி வைத்திருக்கிறேன். காலி 10 லிட்டர் வாளிகள் இரண்டு கிடந்தன, வாளிக்கு மூன்று நாற்று. மண் சேர்க்கவே இல்லை. வீட்டில் போட்ட மக்கு உரத்தை மட்டும் விளிம்பு வரை நிரப்பினேன். அடியில் ஒரே ஓட்டை, அதன்மேல் ஒரு வரிசை கூழாங்கல். நட்டு 12 நாள் ஆகிறது. கீழ் இலைகள் மஞ்சள், செடி நட்ட உயரத்திலேயே நிற்கிறது. உரம் இரண்டு அங்குலம் உள்ளே இறங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றினால் குட்டிக் கொசு மாதிரி ஏதோ பறக்கிறது. காலையும் மாலையும் தவறாமல் ஊற்றுகிறேன். சத்து போதவில்லையா? வேறு எதையாவது போடட்டுமா?

மண்கை:
எதையும் போடாதீர்கள், தண்ணீரையும் இன்றைக்கு நிறுத்துங்கள். அந்த மக்கு எத்தனை நாளானது? ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து, மோந்து பார்த்துச் சொல்லுங்கள்.

புதுநாற்று:
இரண்டரை மாதம். காய்த்தோல், பழத்தோல், கொஞ்சம் சருகு. பிழிந்தால் விரல் இடுக்கில் தண்ணீர் வழிகிறது. லேசாகப் புளித்த வாடை. உள்ளே ஒரு வாழைப்பழக் காம்பு அப்படியே இருக்கிறது!

மண்கை:
அந்தக் காம்புதான் பதில். அது இன்னும் மக்கி முடியவில்லை. பாதி மக்கியதில் நுண்ணுயிர்கள் தங்கள் வேலைக்கு வேண்டிய தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக்கொள்ளும், செடிக்கு மிச்சம் இருக்காது. கீழ் இலை முதலில் வெளுப்பது அதனால்கூட இருக்கலாம். அதோடு வேருக்கு வேண்டிய காற்றையும் அவையே தீர்த்துவிடும். இரண்டு அங்குலம் இறங்கியதும் இதே கதைதான். பறப்பது ஈரமான அழுகலில் முட்டையிடும் பூச்சி. மேல்பரப்பு காய ஆரம்பித்தால் தானாகக் குறையும்.

நன்றாக மக்கியது கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண் வாசனையில் இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஈரத்தோடு ஒரு பையில் கட்டி மூன்று நாலு நாள் வைத்துத் திறந்து பாருங்கள். புளிப்போ மூக்கைக் குத்தும் நெடியோ வந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

ஆனால் நன்றாக மக்கியதையும் தனியாக நிரப்பக் கூடாது. அது ஈரத்தை விடாமல் பிடித்து வைக்கும், அமுங்கிக்கொண்டே போகும், சிலவற்றில் உப்பும் அதிகம். மண், மக்கு, தென்னை நார்த்தூள் மூன்றும் சம பங்கு என்பது புதியவர்களுக்குத் தவறிப்போகாத கணக்கு. நார்த்தூளை ஊறவைத்து இரண்டு தடவை அலசிவிட்டுச் சேருங்கள், அதிலும் உப்பு இருக்கும். கலந்ததை ஒரு பிடி பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும்.

கொடிப்பந்தல்:
மக்கு பற்றி அவர் சொன்னது சரி. எனக்கு வாளிதான் உறுத்துகிறது. 10 லிட்டரில் மூன்றா! பெரிதாக வளரும் ரகமானால் ஒன்றுக்கே அது நெருக்கடி. குட்டையாகப் புதர் போல் நிற்கும் ரகத்துக்கு 10 முதல் 15 லிட்டர் போதும். நெடுநெடுவென்று ஏறும் ரகத்துக்குக் குறைந்தது 20. அதாவது ஏறத்தாழ 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம். இடம் பெரிதாக இருந்தால் ஈரம் சட்டென்று ஏறி இறங்காது. சின்ன வாளி கோடையில் மத்தியானமே காய்ந்துவிடும், செடி ஏங்கி ஏங்கிக் குடிக்கும். காயின் அடிப்பக்கம் கறுத்துப் போவதற்கு அதுதான் பெரிய காரணம்.

கூழாங்கல்லைத் தூக்கிப் போடுங்கள். தண்ணீர் வடிய உதவும் என்பார்கள். உண்மையில் மேலே உள்ள மண் நன்றாக நனையும் வரை தண்ணீர் கல்லுக்குள் இறங்காது. ஈரம் வேர்ப்பக்கமாக மேலே ஏறி நிற்பதுதான் மிச்சம். ஓட்டையை ஐந்தாறாக்குங்கள்.

இலைச்சாறு:
அடி கறுப்புக்கு முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டால் சரியாகிவிடுமே?

கொடிப்பந்தல்:
அது கரைந்து செடிக்குச் சேர மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் காய்ப்பே முடிந்துவிடும். பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருக்கும். அதைக் காய்க்கு ஏற்றிச் செல்வது தண்ணீர்தான். ஒரு நாள் வறட்சி, மறுநாள் வெள்ளம் என்றால் அது நின்றுவிடும்.

புதுநாற்று:
சரி, இப்போது பிடுங்கி நடலாமா? விதை சமையலுக்கு வாங்கிய தக்காளியிலிருந்து எடுத்தது, ரகம் தெரியாது.

மண்கை:
தெரியாத ரகத்தை ஏறும் ரகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், செடிக்கு ஒரு 20 லிட்டர் வாளி. வேர்க்கட்டி உடையாமல் சாயங்காலம் மாற்றுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டைப் பாதி வரை மண்ணுக்குள் இறக்கலாம். தக்காளித் தண்டு மண்ணுக்குள் போனால் அங்கேயும் வேர் விடும். குச்சியை இப்போதே நட்டுவிடுங்கள், பிறகு குத்தினால் வேர் அறும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

அப்புறம், வெயில் ஆறு மணி நேரமாவது விழுகிறதா?

புதுநாற்று:
காலையிலிருந்து ஒரு மணி வரை விழுகிறது. அந்த மக்கை என்ன செய்ய?

மண்கை:
சருகு நிறையச் சேர்த்துக் குவியலுக்கே திருப்பிவிடுங்கள், வாரம் ஒரு முறை புரட்டுங்கள்.

புதுநாற்று (18 நாள் கழித்து):
ஆறில் நான்கு பிழைத்தன. மஞ்சள் இலைகள் பச்சையாகவில்லை, கிள்ளிவிட்டேன். மேலே புது இலைகள் அடர்பச்சையில் வருகின்றன. ஒன்றில் முதல் பூங்கொத்து தெரிகிறது. கொசு ஒன்றிரண்டு இன்னும் பறக்கிறது.