வடசென்னையில் கார் சார்ஜ் செய்யக் காத்திருந்த அனுபவங்கள்: மின்சாரம் இருந்தும் வரிசை நகராதது ஏன்?

தண்டையார்பேட்டையிலிருந்து:

மின்சாரக் கார் வாங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. இரண்டு ஸ்கூட்டர்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டிய தெருவில் எங்கள் வீடு இருக்கிறது. காரை நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு காலி மனையில் மாத வாடகைக்கு நிறுத்துகிறேன். அங்கே மின் இணைப்பு கிடையாது. சொந்தக் கார் நிறுத்துமிடம் உள்ளவர்கள் இரவில் பிளக்கைச் செருகிவிட்டுத் தூங்கப் போகலாம். வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டைக்காரர்களில் என்னைப் போன்ற பலருக்கு அந்த வசதி இல்லை என்பதால், வாரம் இருமுறை பொதுச் சார்ஜிங் நிலையத்தை நம்பித்தான் என் வண்டி ஓடுகிறது.

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை மாலை மூலக்கடைப் பக்கமுள்ள ஒரு நிலையத்துக்குப் போனபோது காரில் 20 சதவீதம் இருந்தது. அங்கிருந்த இயந்திரத்துக்கு இரண்டு கன்கள், அதாவது காரில் செருகும் சார்ஜிங் முனைகள். ஒன்றில் கார் நின்றது, மற்றொன்று காலியாக இருந்தது. எனக்கு முன்னால் யாருமே இல்லாதபோதும் மின்சாரம் ஏறத் தொடங்க 22 நிமிடங்கள் ஆயின. அந்த நிறுவனத்தின் ஆப் என் கைபேசியில் இல்லாததால் அதைப் பதிவிறக்கி, எண்ணைக் கொடுத்து, ஓடிபிக்குக் காத்திருந்து, அது காலாவதியாகி மறுபடி ஒன்றை வரவழைத்து, வண்டி விவரத்தைப் பதிந்து, ஆப்புக்குள் முன்பணம் வைக்கும் வாலட்டில் பணம் போட்ட பிறகுதான் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவே அது அனுமதித்தது.

வாலட்டில் 500 ரூபாய் போட்டேன். யூனிட்டுக்கு 20 ரூபாய் என்று திரை காட்டியது. என் பேட்டரியின் கொள்ளளவு 40 யூனிட். 80 சதவீதம் வரை ஏற்ற 24 யூனிட் வேண்டும், அதற்கு 480 ரூபாய் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். 18 சதவீத ஜிஎஸ்டி தனி என்பதைப் பின்னால் வந்த ரசீதில்தான் பார்த்தேன். வரியோடு யூனிட் 23 ரூபாய் 60 காசு ஆனதால் 21 யூனிட் ஏறியதும் பணம் தீர்ந்து இயந்திரம் நின்றுபோனது. எதிர்க்கடைக்குப் போயிருந்த நான் திரும்பி வந்தபோது கன் கால் மணி நேரமாகச் சும்மா மாட்டியிருந்தது. பின்னால் இரண்டு கார்கள் காத்திருந்தன, ஒன்றில் கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வண்டியை எடுத்துவிட்டேன்.

அன்று அந்தக் கன் எனக்காக ஒதுங்கியிருந்த நேரத்தில் 37 நிமிடங்கள் ஒரு துளி மின்சாரமும் பாயவில்லை. நம் பகுதியில் நிலையங்கள் போதவில்லை என்று நாம் எல்லோரும் சொல்கிறோம்; அது உண்மை. ஆனால் இருக்கிற கன்கள் வேலை செய்யாமல் தொங்கும் நேரத்தில் பெரும்பகுதியைப் பணம் செலுத்தும் முறைதான் விழுங்குகிறது என்று நான் நம்புகிறேன். உங்களுக்கு நேர்ந்ததை, முடிந்தால் நிமிடக் கணக்கோடு, எழுதுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து:

நான் கால் டாக்சி ஓட்டுகிறேன். என் கைபேசியில் ஆறு நிறுவனங்களின் ஆப்கள் இருக்கின்றன. ஒன்றில் 60 ரூபாய், இன்னொன்றில் 110, மற்றொன்றில் 85 என்று எல்லாவற்றிலும் சில்லறை மிச்சம் கிடக்கிறது. ஒன்றில் உள்ள பணத்தை மற்றொன்றுக்கு மாற்ற முடியாது. நான் பார்த்தவரை வங்கிக்குத் திருப்பவும் வழியில்லை. அன்றாடம் ஓடிச் சம்பாதிக்கிறவனுக்கு அந்தத் தொகை சிறியதல்ல.

ஒருநாள் அதிகாலை விமான நிலையச் சவாரிக்கு முன் 300 ரூபாய் போட்டேன். வங்கிக் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, வாலட்டில் ஏறவில்லை. இன்னொரு 300 போட மனம் வராமல் வேறு நிலையத்துக்கு ஓடினேன், சவாரியும் போய்விட்டது. இதில் நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, யூபிஐ மூலம் வணிகருக்குச் செலுத்திய பணம் நம் கணக்கில் கழிந்து அவருக்கு உறுதியாகவில்லையென்றால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். எனக்கு ஐந்தாம் நாள் வந்தது. ஆனால் பணம் வாலட்டுக்குள் போய்ச் சேர்ந்தபின் சார்ஜர் ஓடாமல் போனால் அது இந்த விதிக்குள் வராது, ஏனென்றால் பணப் பரிமாற்றம் முடிந்துவிட்டது, தவறியது சேவைதான். அப்படியொரு தகராறில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண் பலன் தராதபோது, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிந்தேன். திரையின் படம், இயந்திரத்தில் ஒட்டியுள்ள எண், நேரம் ஆகிய மூன்றையும் அங்கேயே படம் பிடித்து வைத்திருந்தது அப்போது உதவியது.

திருவொற்றியூரிலிருந்து:

வியாசர்பாடித் தம்பி எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு இடையே ஊர்ந்து ஒரு நிலையத்தை அடைந்தபோது, அங்கிருந்த ஒரே கன்னில் ஒரு கார் 88 சதவீதத்தில் நின்றது. வண்டிக்குள் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் அமர்ந்திருந்தார். பேட்டரி 80 சதவீதத்தைத் தாண்டியதும் அதைக் காப்பதற்காகக் காரே மின்சாரம் வாங்கும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்பதும், கடைசி 20 சதவீதம் ஏறுவதற்கு முந்தைய 60 சதவீதத்துக்கு ஆன அளவு நேரம்கூடப் பிடிக்கலாம் என்பதும் தெரிந்திருந்ததால், தயங்கித்தான் அவரிடம் கேட்டேன்.

"ஐயா, தூரப் பயணம் போகிறீர்களா?"

"இல்லை அம்மா, வீடு இங்கே தேரடிப் பக்கம்தான். வாலட்டில் இன்னும் 140 ரூபாய் மீதி இருக்கிறது. இந்த நிறுவனத்தின் நிலையம் நம் பக்கம் வேறு இல்லை. அதைத் தீர்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்."

அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவருடைய பணம் அது. 140 ரூபாயைக் கைவிட மனமில்லாமல் ஒருவர் முக்கால் மணி நேரம் கன்னைப் பிடித்து வைத்திருந்தார். மீதித் தொகை அவர் வங்கிக் கணக்குக்கே திரும்பும் என்றிருந்தால் 80-இலேயே எழுந்து போயிருப்பார். சார்ஜ் முடிந்தும் வண்டியை எடுக்காதவர்களுக்குச் சில நிறுவனங்கள் நிமிடக் கணக்கில் அபராதம் போடுகின்றன. அது நியாயம்தான், ஆனால் இந்த ஐயாவைப் போன்றவரை அந்த அபராதம் தொடவே தொடாது, ஏனென்றால் அவர் வண்டியில் மின்சாரம் மெதுவாக என்றாலும் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

மணலியிலிருந்து:

மின் பணியில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இரண்டு செய்திகள்.

மாதவரம் அருகே ஒரு சார்ஜர் இரண்டு நாட்களாகப் பழுது என்று ஆப் காட்டிக்கொண்டிருந்தது. நேரில் போய்ப் பார்த்தபோது அதன் சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தான் அமுங்கியே இருந்தது. யாரோ ஒருவருக்குப் பணம் கழிந்தபின் திரை உறைந்துபோய், கன்னும் காரிலிருந்து கழலாததால், பதற்றத்தில் அதை அழுத்தியிருக்கிறார் என்று நிலையக் காவலர் சொன்னார். அந்தப் பொத்தான் தானாக வெளியே வராது, திருகிவிட வேண்டும். அதுவரை இயந்திரம் யாருக்கும் வேலை செய்யாது. உதவி எண்ணை அழைத்து, மின்பழுது எதுவும் இல்லை என்று அவர்கள் உறுதி செய்த பிறகு காவலர் திருகிவிட, ஐந்து நிமிடத்தில் இயந்திரம் உயிர் பெற்றது. கன் கழலவில்லை என்றால் முதலில் கார்ச் சாவியால் பூட்டைத் திறந்து பாருங்கள், ஏனெனில் பெரும்பாலும் அதைப் பிடித்து வைத்திருப்பது காரின் பூட்டுத்தான். சிவப்புப் பொத்தான் புகை, தீப்பொறி, மின் அதிர்ச்சி போன்ற ஆபத்துக்கு மட்டுமே உரியது.

அடுத்தது, தண்டையார்பேட்டை நண்பரை வருத்திய வரி. மின்சாரக் கார் வாங்கும்போது ஜிஎஸ்டி 5 சதவீதம். 2019 ஆகஸ்ட் 1 முதல் 12-இலிருந்து அப்படிக் குறைத்தார்கள். வீட்டு மின்சாரத்துக்கு ஜிஎஸ்டியே இல்லை. பொது நிலையத்தில் மட்டும் 18 சதவீதம் விழுகிறது. சார்ஜ் செய்து தருவது மின்சார விற்பனை அல்ல, ஒரு சேவை என்று 2018-இல் மத்திய மின் அமைச்சகம் விளக்கமளித்தது. அதனால்தான் உரிமம் இல்லாமலே யாரும் நிலையம் தொடங்க முடிகிறது, சேவைக்கான வரியும் அதே காரணத்தால்தான் சேர்கிறது. வீட்டில் இடமில்லாதவன்தான் இந்த வரியைக் கட்டுகிறான் என்பது எனக்கு உறுத்துகிறது. குறைந்தபட்சம் வரி சேர்ந்த விலையையாவது இயந்திரத்தின் மீது எழுதி வைக்கட்டும்.

ராயபுரத்திலிருந்து:

மத்திய அரசு 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், காலை 9 முதல் மாலை 4 மணி வரையிலான சூரிய ஒளி நேரத்தில் நிலையங்களுக்கு வழங்கும் மின்சாரத்தைச் சராசரி வழங்கல் செலவில் (ஒரு யூனிட்டைக் கொண்டுசேர்க்க மின் வாரியத்துக்கு ஆகும் சராசரிச் செலவு) 0.7 மடங்குக்கும், மற்ற நேரத்தில் 1.3 மடங்குக்கும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கடை வேலை. மதியம் இரண்டு மணி நேரம் ஓய்வு உண்டு. நான் போகும் நிலையத்தில் நண்பகலுக்கும் இரவு எட்டு மணிக்கும் ஒரே விலைதான். பகலில் யூனிட்டுக்கு மூன்று ரூபாய் குறைத்தாலும் என்னைப் போன்ற கடைக்காரர்கள் மாலை வரிசையை விட்டு விலகிவிடுவோம். அந்தக் கன்கள் பகலில் காலியாகக் கிடப்பதைத் தினமும் பார்க்கிறேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து, மறுபடியும்:

எல்லோருக்கும் நன்றி. திருவொற்றியூர் அக்கா சொன்ன அந்த 140 ரூபாய் என் மனத்தை விட்டு அகலவில்லை.

நேற்று பெரம்பூர்ப் பக்கம் புதிதாக வந்துள்ள ஒரு நிலையத்துக்குப் போனேன். இயந்திரத் திரையிலேயே யூபிஐ குறியீடு தோன்றியது. ஆப், பதிவு, வாலட் எதுவும் கேட்கவில்லை. 600 ரூபாய் செலுத்தியதும் மூன்றாவது நிமிடத்தில் மின்சாரம் ஏறத் தொடங்கியது. 80 சதவீதத்தில் நிறுத்தியபோது செலவாகாத 71 ரூபாய் வந்த வழியே வங்கிக் கணக்குக்குத் திரும்பியதாகக் குறுஞ்செய்தி வந்தது. நான் கன்னைக் கழற்றி அதன் இடத்தில் மாட்டும்போது அடுத்து நின்றிருந்த ஓட்டுநர், கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, இதுக்கு எந்த ஆப்?" என்று கேட்டார். திரையைக் காட்டினேன். நான் வண்டியைத் திருப்பிச் சாலைக்கு வருவதற்குள் அவருடைய காரில் பச்சை விளக்கு எரிந்துவிட்டது.