இடது முன் சக்கரத்தில் ‘டொக் டொக்’ சத்தம், ஷாக் மாற்றியும் போகவில்லை

பல்லடம் டீசல்:
வணக்கம். என்னுடையது 2013 மாடல் டீசல் ஹேட்ச்பேக், ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. குண்டும் குழியுமான ரோட்டில் 20, 30 வேகத்தில் போனால் இடது முன்பக்கம் டொக் டொக் என்று தட்டுகிறது. பைபாஸில் 80-ல் போகும்போது ஒன்றுமில்லை. அகலமான ஸ்பீடு பிரேக்கரில் நேராக ஏறி இறங்கினாலும் சத்தம் வருவதில்லை, எனக்குக் குழப்பமே அதுதான்.

ஒர்க்‌ஷாப்பில் ஷாக் அப்சார்பர் போயிருக்கும் என்று முன்னால் இரண்டையும் மாற்றினார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது. இடது பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்துவிட்டு, எதிலும் பிளே (தேய்மான ஆட்டம்) இல்லை, அப்படியென்றால் ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ரேக்தான் என்கிறார்கள். ரேக் விலையைக் கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வேறு என்னவாக இருக்கும்?

ஞாயிறு ஸ்பேனர்:
ரேக்குக்கு இப்போதே ஓகே சொல்லிவிடாதீர்கள். காசு செலவில்லாமல் பார்க்க வேண்டியது சில இருக்கிறது. அதே ரோட்டில் பிரேக்கை லேசாக மிதித்தபடி ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் பிரேக் பேடு ஆடுகிறது, அல்லது பேடை அழுத்தும் கேலிப்பரின் பின் தேய்ந்திருக்கிறது. அப்புறம் வண்டியை நிறுத்திவைத்து ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள். பானெட்டுக்குள் ஷாக்கின் தலைப்பக்கம் ‘டங்’ என்று ஸ்பிரிங் துள்ளினால் அங்கே இருக்கும் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங். முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்தும்போது கட் கட் என்று வந்து, வேகத்தோடு சேர்ந்து அதிகரித்தால், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட்.

கரூர் வண்டி:
பேட்டரி கிளாம்ப் டைட்டாக இருக்கிறதா சார்? சிரிக்க வேண்டாம், எனக்குத் தெரிந்த ஒருவர் அந்தச் சத்தத்துக்காக, சக்கரத்தைக் கீழே வண்டியோடு பிடித்திருக்கும் லோயர் ஆர்மையே மாற்றினார்.

பல்லடம் டீசல்:
பேட்டரி அசையவில்லை. பிரேக் மிதித்தாலும் சத்தம் அதேதான். நின்ற இடத்தில் திருப்பினால் சத்தமில்லை. ஒன்று மட்டும் கவனித்தேன்: ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் கட்டாயம் தட்டுகிறது.

பழைய பட்டறை:
தம்பி, கடைசியில் சொன்னீர்களே, அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். லிங்க் ராடைப் பாருங்கள்.

இரண்டு முன் சக்கரங்களையும் இணைத்துக் குறுக்கே ஸ்டெபிலைசர் பார் ஓடுகிறது. அதன் இரு முனையையும் சக்கரப் பக்கத்தோடு பிடித்திருப்பது இந்த லிங்க். ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது பார் தன் புஷ்ஷுக்குள் (ரப்பர் பிடிமானம்) சும்மா சுழலும், லிங்குக்குப் பெரிய வேலை இல்லை. ஒரு சக்கரம் மட்டும் இறங்கினால் பார் முறுக்கும், லிங்க் இழுபடும். அதன் முனையில் குண்டு போல அசையும் பால் ஜாயிண்ட் தேய்ந்திருந்தால் அங்கேதான் தட்டும்.

ஒர்க்‌ஷாப்பில் பிளே ஏன் தெரியவில்லை? ஒரு பக்கம் மட்டும் தூக்கினார்கள். அப்போது அந்தச் சக்கரம் கீழே தொங்க, முறுக்கிய பார் லிங்கை விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு ஆட்டினாலும் அசையாது. நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்படி வண்டியைப் பிட் (அடியில் ஆள் இறங்கிப் பார்க்கும் பள்ளம்) மேல் ஏற்றி, கீழேயிருந்து லிங்கைக் கையால் பிடித்து உலுக்கச் சொல்லுங்கள். சந்தேகம் தீராவிட்டால் இரண்டு லிங்கையும் முழுசாகக் கழற்றி வைத்துவிட்டு, அதே ரோட்டில் மெதுவாக ஒரு சுற்று போங்கள். வளைவில் வண்டி கூடுதலாகச் சாயும், அதனால் வேகம் வேண்டாம். சத்தம் நின்றால் அதுதான்.

பல வண்டிகளில் ஷாக் மாற்றும்போது லிங்க் நட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். திரும்பச் சரியாக முறுக்கினார்களா என்பதையும் பாருங்கள்.

கரூர் வண்டி:
லிங்க் விலை குறைவுதானே, டெஸ்ட் எதற்கு? நேராக மாற்றிவிடலாமே.

பழைய பட்டறை:
ஷாக்கையும் அப்படித்தான் மாற்றினார்கள்.

ஞாயிறு ஸ்பேனர்:
பிட்டில் ஏற்றும்போது லோயர் ஆர்ம் பால் ஜாயிண்டையும் விட்டுவிடாதீர்கள். அதற்கு மட்டும் சக்கரத்தைத் தூக்க வேண்டும், ஸ்டாண்ட் வைத்துத்தான், வெறும் ஜாக்கியை நம்பக் கூடாது. டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பெரும்பாலும் பால் ஜாயிண்ட். அது கழன்றால் சக்கரமே மடங்கிவிடும், அதை வைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது.

பல்லடம் டீசல்:
பார்த்துவிட்டேன் அண்ணா. பிட்டில் இடது லிங்கை உலுக்கியதுமே அதே டொக் டொக். ரப்பர் பூட் கிழிந்து மண் ஏறியிருந்தது. பால் ஜாயிண்டில் ஆட்டம் இல்லை. இரண்டு பக்கமும் புது லிங்க் போட்டாயிற்று, பள்ளத்தில் சத்தம் போய்விட்டது. ஆனால் அது போன பிறகு இன்னொன்று கேட்கிறது: பிரேக் போட்டு நிற்கும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் ஒரே ஒரு ‘தொப்’.

பழைய பட்டறை:
லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷாக இருக்கலாம். பிரேக்கில் ஆர்ம் பின்னால் தள்ளப்படும், ரிவர்ஸ் எடுக்கும்போதும் அப்படித்தான். லீவர் கொடுத்து நெம்பினால் ரப்பரில் வெடிப்பு தெரியும். அது சரியாக இருந்தால் என்ஜின் மவுண்டிங்கைப் பாருங்கள். புஷ் மாற்றினால் போல்ட்டை முதலில் கையளவு டைட் செய்து, வண்டியைச் சக்கரத்தில் இறக்கிய பிறகுதான் கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கிய நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துபோகும். வீல் அலைன்மென்ட்டை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள், இப்போது செய்தால் இரண்டு செலவு.