மகளின் ஈறில் மூன்றாவது முறையாக முளைக்கும் கட்டி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் மகளுக்கு 13 வயது. மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே, ஈறில் பட்டாணி அளவுக்கு ஒரு சிவந்த கட்டி. வலி இல்லை, பல் துலக்கும்போது ரத்தம் வரும். போன வருடம் ஒரு கிளினிக்கில் லேசரால் எடுத்தார்கள். பயாப்ஸிக்கு (எடுத்த சதையை லேபில் பரிசோதிப்பது) அனுப்பவில்லை; கேட்க வேண்டும் என்று எனக்கும் அப்போது தெரியவில்லை. ஐந்தே மாதத்தில் அதே இடத்தில் திரும்ப வந்துவிட்டது.

அப்புறம் வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார். 'பெரிஃபெரல் ஆசிஃபையிங் ஃபைப்ரோமா' (ஈறில் வளரும் ஒரு வகை சாதாரணக் கட்டி) என்று ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய் இல்லை என்று கேட்டபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. பதின்ம வயதில், அதுவும் பெண் பிள்ளைகளுக்கு, இது அதிகம் வருமாம். ஈறில் வரும் இன்னொரு சாதாரணக் கட்டியான பையோஜெனிக் கிரானுலோமாவும் பார்க்க இப்படியே இருக்கும், மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும் என்றார். மேலோட்டமாக வெட்டினால் திரும்ப வரும் என்பதால், எலும்பை ஒட்டிய சவ்வு வரை எடுத்து, பல்லில் படிந்த காரையையும் சுத்தம் செய்தார். எட்டு மாதம் நன்றாக இருந்தது. இப்போது மறுபடி சின்னதாக முளைக்கிறது.

இப்படித் திரும்பத் திரும்ப வந்தும் பல்லைப் பிடுங்காமல் குணமானவர்கள் இருக்கிறீர்களா? வெட்டிய இடத்தில் ஈறு இறங்கி வேர் தெரிகிறது. ஈறு ஒட்டு சிகிச்சையை இந்த வயதிலேயே செய்யலாமா? பிரேஸ் போடுவதைத் தள்ளிவைக்க வேண்டுமா? ஈறு நிபுணர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து பதில் சொல்லுங்கள். பிள்ளை இப்போதெல்லாம் வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் சிரிக்கிறாள்.