பார்க்குல அளவெடுக்குறாங்க

குரூப்: குன்னூர் வீடு
வியாழன்

செல்வி, 9:14
நம்ம பார்க்குல மூணு பேரு டேப்பு வெச்சு அளந்துட்டு இருக்காங்க. என்னன்னு கேட்டா "அளக்கச் சொன்னாங்க, அளக்கறோம்"ங்கறாங்க. எதுத்த வீட்டு டீச்சரம்மா, சீசனுக்கு கார் பார்க்கிங் ஆக்கப் போறாங்கன்னு சொல்றாங்க

மல்லிகா, 9:16
என்னது

மல்லிகா, 9:16
பார்க்கிங்கா??

கோகுல், 9:17
சித்தி போட்டோ போடுங்க

செல்வி, 9:21
(படம்)
அத்தை ஜன்னல விட்டு நகரல. காபி ஆறிப் போச்சு

ராஜேந்திரன், 9:30
யாரும் பதற வேண்டாம். கவுன்சிலர்கிட்ட நான் பேசிக்கிறேன்

மல்லிகா, 9:31
தெருவிளக்குக்கும் இதேதான் சொன்னீங்ணா

ராஜேந்திரன், 9:33
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சண்முகம், 9:52
பார்க்கை பார்க்கிங் ஆக்கறது அவ்வளவு லேசு இல்ல. 1959லயே பூங்கா, விளையாட்டுத்திடல், திறந்தவெளியைப் பாதுகாக்கறதுக்குன்னு நம்ம மாநிலத்துல தனிச் சட்டம் போட்டாச்சு. பூங்கான்னு பட்டியல்ல ஏறின இடத்தை முறையான அனுமதி இல்லாம வேற எதுக்கும் எடுக்க முடியாது. நம்ம 28 சென்ட் எந்தக் கணக்குல இருக்குங்கறதுதான் தெரியணும். அப்பா மனை வாங்குனப்ப அது லேஅவுட்ல பொதுவுக்குன்னு விட்ட இடம். மனை பிரிக்கறவங்க பத்துல ஒரு பங்கு திறந்தவெளியா விட்டு, அதை நகராட்சி பேருக்குத் தானப்பத்திரம் எழுதித் தரணும். இப்பவும் 3000 சதுர மீட்டருக்கு மேல இருக்கற மனைப்பிரிவுக்கு 10 சதவீதம்னு விதி இருக்கு. ஆனா பல இடத்துல வரைபடத்துல பூங்கான்னு எழுதியிருக்கும், பத்திரம் பதிவாகியே இருக்காது. நாப்பது வருஷம் கழிச்சு யாராவது பட்டாவோட வந்து நிப்பாங்க. அதனால மொதல்ல அந்த லேஅவுட் வரைபடத்தைப் பார்க்கணும். அப்பாவோட பீரோவுல இருந்துச்சு. அண்ணா, பீரோ உங்க வீட்டுலதானே இருக்கு?

மல்லிகா, 9:54
பீரோ மட்டுமா

ராஜேந்திரன், 9:58
மல்லிகா, என்ன சொல்ல வர்ற? நேராச் சொல்லு

மல்லிகா, 9:59
ஒண்ணுமில்லீங்ணா. கீழ்த்தோட்டத்துப் பத்திரமும் அதுலதான் இருந்துச்சு. அதான் ஞாபகம் வந்துச்சு

முருகேசன், 10:02
ஷிப்ட்ல இருக்கேன். யாரும் சண்டை போடாதீங்க. சாயங்காலம் வந்து பார்க்கறேன்

கோகுல், 10:03
அப்பா, ஞாயித்துக்கிழமை நான் வீட்டுக்கு வர்றப்ப சேர்ந்து தேடலாம்

செல்வி, 11:40
விஷயம் தெரிஞ்சிருச்சு. பார்க்கிங் இல்ல. பார்க்கைச் சீர்படுத்தப் போறாங்களாம், அதுக்குத்தான் அளவு. சனிக்கிழமை 11 மணிக்குப் பள்ளிக்கூடத்துல பகுதி சபா கூட்டம். என்ன வேணும்னு அங்க வந்து சொல்லச் சொன்னாங்க. ஆர்ச், பேவர் பிளாக், செயற்கை நீரூற்று, செல்ஃபி பாயிண்ட்னு பேச்சு இருக்காம். எதுவும் முடிவாகலையாம்

மல்லிகா, 11:41
அப்பாடா

திவ்யா, 11:43
அமுச்சிகிட்டச் சொல்லிட்டீங்களா அத்தை

செல்வி, 11:44
சொல்லிட்டேன். "பைப்பு மறுபடி வருமா கேளு"ன்னாங்க

சண்முகம், 12:20
செல்வி, இதைக் கூட்டத்துல சொல்லணும், எழுதி வெச்சுக்க. நான் 31 வருஷம் தோட்டத்துலயே கிடந்தவன். நம்ம ஊர்லயே பாடம் இருக்கு. சிம்ஸ் பூங்கா 1874ல ஆரம்பிச்சது, 12 ஹெக்டேர். அது ஒரு பள்ளம். அதை நிரவலை. சரிவு எப்படி இருந்துச்சோ அப்படியே பாதை போட்டு, இருந்த சோலை மரத்தை விட்டுட்டு, வெளியூர் மரத்தை அதுக்கு நடுவுல வெச்சாங்க. அங்க ருத்ராட்ச மரத்தைப் பார்க்கறவங்களுக்கு அதுக்குக் கீழ தண்ணி எப்படி வடியுதுன்னு தெரியாது. ஊட்டி தாவரவியல் பூங்காவும் அப்படித்தான். 1848ல மெக்ஐவர்ங்கற தோட்டக்கலை நிபுணர் வந்தப்ப சேறும் காடுமா கிடந்த மலைச்சரிவு. அடுக்கடுக்கா ஏத்தினாங்க. மலையில பூங்கான்னா மொதல்ல தண்ணி போற வழி, அப்பறம்தான் பூ.

நம்ம பார்க்குல மேல்பக்கத் தடுப்புச்சுவர் வயிறு தள்ளி நிக்குது, பார்த்திருக்கியா? அந்தச் சுவத்துல தண்ணி வடியற ஓட்டை மொத்தம் ரெண்டுதான், ரெண்டும் மண்ணு அடைச்சுக் கிடக்கு. மழைத்தண்ணி மண்ணுக்குள்ள ஊறி, வெளிய வர வழியில்லாம சுவத்தைத் தள்ளுது. 2009 நவம்பர்ல பக்கத்துல கேத்தியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் கொட்டுச்சு. அந்த வாரம் மாவட்டத்துல எத்தனை உயிர் மண்ணுக்குள்ள போச்சுன்னு உங்களுக்கெல்லாம் தெரியும். அந்தச் சுவத்தைச் சரி பண்ணாம அதுக்குக் கீழ நீரூற்று வைக்கறதுன்னா எனக்கு வயித்தைக் கலக்குது. அங்கதான் சறுக்குமரம் இருக்கு, குழந்தைங்க விளையாடற இடம்.

கோகுல், 12:22
சித்தப்பா இதை அப்படியே கூட்டத்துல வாசிக்கலாம்

மல்லிகா, 12:25
பேவர் பிளாக் வேண்டாம்னு சொல்லுங்க. அம்மா மணிக்கட்டு உடைஞ்சது அதுலதான்

செல்வி, 12:26
ஆமாங்கண்ணி. அந்த சைப்ரஸ் நிழல்ல வெயிலே படறதில்ல. கல்லு மேல பாசி. மழை நின்னு ரெண்டு நாள் ஆனாலும் பச்சைப்பசேல்னு இருக்கும்

சண்முகம், 12:31
நிழல் விழற சரிவுக்குச் சொரசொரப்பான கருங்கல் படிதான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இடைவெளி, தண்ணி அதுல இறங்கிடும். ஓரத்துல கைப்பிடிக் கம்பி. சக்கர நாற்காலிக்குத் தனியா ஒரு வழி, பன்னெண்டு அடி நீளத்துக்கு ஒரு அடிக்கு மேல ஏறக்கூடாது

மல்லிகா, 12:33
செல்வி, கோயில்ல கரடி வந்துச்சாமே நேத்து ராத்திரி

செல்வி, 12:34
ஆமாங்கண்ணி. கதவைப் பேத்துட்டு விளக்கெண்ணெய் பூராத்தையும் குடிச்சுட்டுப் போயிருச்சு. காலையில பார்த்தா படியெல்லாம் எண்ணெய்க் காலடி

கோகுல், 12:34
அய்யோ

முருகேசன், 12:50
பேக்டரி ரோட்டுல காட்டுமாடு மூணு நிக்குது. சாயங்காலம் யாரும் குறுக்கு வழியில வராதீங்க

திவ்யா, 12:52
மூடி போட்ட குப்பைத்தொட்டியும் லிஸ்ட்ல சேருங்க. தின்ன மிச்சம் பார்க்குல கிடந்தா குரங்கு, கரடி எல்லாம் அங்கதான் வரும்

ராஜேந்திரன், 1:15
நான் ஒண்ணு சொல்றேன். புதன்கிழமை அப்பாவுக்கு வருஷ திதி. அவர் பேருல பார்க்குக்கு ஒரு கிரானைட் பெஞ்சு. செலவு என்னுது. பெரிய சைப்ரஸ் மரத்தடியில. முதுகுப் பக்கம் அப்பா பேரு, கீழ பிள்ளைகள் பேரு

முருகேசன், 1:17
நல்ல யோசனைங்ணா

மல்லிகா, 1:18
பிள்ளைகள் பேருன்னா யார் யாரு?

ராஜேந்திரன், 1:19
எல்லாரும்தான்

மல்லிகா, 1:20
ஆஸ்பத்திரிக் கணக்குலயும் "எல்லாரும்"னுதான் பேசினோம்

செல்வி, 1:38
அத்தை பேசறாங்க, கேளுங்க
(குரல் பதிவு 1:52)

கோகுல், 1:39
மீட்டிங்ல இருக்கேன் சித்தி. என்ன சொன்னாங்க அப்பத்தா?

செல்வி, 1:46
அப்படியே எழுதறேன்:
"பெரியவனே, உங்கப்பாரு அந்த மரத்தடியில ஒரு நாளும் உக்காந்ததில்ல. தை மாசம் அங்க உக்காந்தா எலும்பு வரைக்கும் குளிரும். கிரானைட்டு இன்னும் மோசம். அவரு உக்காந்தது பைப்புக்குப் பக்கத்துல இருக்கற குட்டைச் சுவத்து மேல. எட்டு மணிக்கு மலை மேலருந்து வெயில் மொதல்ல அங்கதான் விழும். இருமல் வந்த பொறவு தெனமும் அங்கதான். பைப்பை எடுத்த பொறவு வீட்டுலருந்து ரெண்டு குடம் சுமந்து போயி அந்த நாவக்கன்னுக்கு ஊத்துனாரு. பேரு எழுதி அவருக்கு என்ன ஆகப் போகுது, அந்தக் கன்னுக்கு யாரு தண்ணி ஊத்தறதுன்னு பேசுங்க சாமி."

திவ்யா, 1:47
அமுச்சி ❤️

மல்லிகா, 1:49
எனக்கு அழுகையா வருது

ராஜேந்திரன், 2:30
அம்மா சொன்னா சரி. இடம் மாத்திக்கலாம்

சண்முகம், 2:44
அம்மா சொன்னதுதான் பூங்கா விஷயத்துல முக்கால் பங்கு. கட்டறதுக்கு ஒரு தடவை காசு வந்துரும். களை பிடுங்கறதுக்கும் தண்ணி விடறதுக்கும் தினமும் ஆளு வேணும், அதைப் பத்தி எந்த எஸ்டிமேட்லயும் ஒரு வரி கூட எழுதியிருக்காது. கூட்டத்துல மொதக் கேள்வியே அதுவா இருக்கட்டும்: வேலை முடிஞ்ச பொறவு யாரு பார்த்துக்கறது, அவங்களுக்குச் சம்பளம் எதுலருந்து? இன்னொண்ணு, நமக்கு நாமே திட்டத்துல நாம மூணுல ஒரு பங்கு கட்டினா மீதியை அரசு போடும். ஆறு லட்சம் வேலைன்னா நம்ம தெருவுக்கு ரெண்டு லட்சம். காசு போட்டவங்க எதைக் கட்டறதுன்னு சொல்லவும் பலம் இருக்கும். அண்ணன் பெஞ்சுக் காசை இதுல போட்டா இன்னும் நல்லது

மல்லிகா, 2:46
ரெண்டு லட்சம் யார்கிட்ட இருக்கு சண்முகம்

சண்முகம், 2:47
தெருவுல நாப்பது வீடு இருக்குக்கா

திவ்யா, 3:05
அத்தை, ஒரு உதவி. நாளைக்கு ஒரு நாள், பார்க்குல யார் யாரு எத்தனை மணிக்கு வர்றாங்கன்னு ஜன்னல்லருந்தே எண்ணி எழுத முடியுமா? ஆம்பளை, பொம்பளை, குழந்தை, வயசானவங்கன்னு. எங்க ஆபீஸ்ல ஒரு இடத்துக்குப் படம் போடறதுக்கு முன்னாடி அதுதான் செய்வோம்

செல்வி, 3:06
அத்தைகிட்டச் சொல்றேன். அவங்க எப்பவும் அங்கதான் பார்த்துட்டு இருக்காங்க

வெள்ளி

செல்வி, 7:40
காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் எண்ணியாச்சு. அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.
காலை 6 மணிக்கு நடக்கறவங்க 4 பேரு.
8 மணிக்கு மேல வயசானவங்க 5 பேரு, அஞ்சு பேரும் குட்டைச் சுவத்து மேல.
மத்தியானம் யாருமில்ல.
4 மணிக்குத் தேயிலை பறிச்சுட்டு பஸ்ஸுக்கு நிக்கற பொம்பளைங்க 14 பேரு. பார்க்குக்கு வெளிய, கம்பியில சாஞ்சுட்டு. கூடையைக் கீழ வெச்சுட்டு நின்னுட்டே இருந்தாங்க, முக்கா மணி நேரம்.
5 மணிக்குப் பசங்க 9 பேரு, கிரிக்கெட்.
6 மணிக்கு மேல ஒரு பொம்பளை கூட இல்ல. விளக்கு எரியல

திவ்யா, 7:44
அந்த 14 பேரு!

திவ்யா, 7:45
பெஞ்சு எல்லாம் உள்ள பார்த்துக் கிடக்கு. ரோட்டுப் பக்கம் பார்த்து ஒரு நீளத் திண்ணையும் மேல ஒரு கூரையும் வெச்சா அவங்க உக்காரலாம். பஸ் வர்றதும் தெரியும். பக்கத்துலயே ஒரு கழிப்பறை. நீரூற்றுக் காசு அதுக்கே போதும்

செல்வி, 7:47
எனக்கு இத்தனை வருஷம் அது தோணவே இல்ல திவ்யா. தினமும் பார்க்கறேன்

ராஜேந்திரன், 7:55
எங்கம்மாவும் அந்த மாதிரி கூடையோட நின்னவங்கதான்

மல்லிகா, 7:56
ஆமாங்ணா

சண்முகம், 8:10
கன்னு வைக்கறதைப் பத்தி. பெருமைக்காக இந்த மாசமே வெச்சுடுவாங்க, விடாதே. தைப் பனியில இளங்குருத்து கருகிடும். ஊட்டிக்கு ஆனி, ஆடி மழை. குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகைதான். புரட்டாசிக்குள்ள ரெண்டடிக் குழி எடுத்து மக்கின எரு போட்டு ஆறவிடணும். உண்ணிச்செடியையும் சீகை (வாட்டில்) கன்னையும் வேரோட எடுக்கணும். வைக்கறது நாவல், விக்கி, காட்டுப்பூவரசு. பூவரசு சிவப்பாப் பூக்கறப்ப தேன்சிட்டு வரும். புல்லு வேணும்னா இருக்கற கிக்குயு புல்லே போதும், மிதிச்சாலும் சாகாது. ஆனா கன்னைச் சுத்தி மூணடிக்கு அதை வெட்டி விடணும், இல்லேன்னா கன்னோட தண்ணியை அது குடிச்சுரும்

கோகுல், 8:12
சித்தப்பா நீங்களே குன்னூர் வந்துருங்களேன் சனிக்கிழமை

சண்முகம், 8:15
முழங்கால் விடமாட்டேங்குதுப்பா. பஸ்ல உக்காந்து வர முடிஞ்சா வர்றேன்

முருகேசன், 8:31
புதன்கிழமைக்கு எத்தனை பேரு? சமையலுக்குச் சொல்லணும்

மல்லிகா, 8:32
நாங்க நாலு

ராஜேந்திரன், 8:40
மூணு. கோகுல் சந்தேகம்

சனி

செல்வி, 8:09
(படம்)
வெயில் வந்துருச்சு. குட்டைச் சுவத்துல இங்கருந்து இங்க வரைக்கும். சாக்பீஸ்ல கோடு போட்டு வெச்சுட்டேன், கூட்டத்துக்கு வர்றவங்களைக் கூட்டிட்டு வந்து காட்டறதுக்கு. அத்தையை உக்கார வெச்சிருக்கேன்

மல்லிகா, 8:10
சால்வையைக் காது வரைக்கும் போத்திவிடு

ராஜேந்திரன், 8:22
லேஅவுட் வரைபடம் பீரோவுல இல்ல. ராத்திரி பூராத் தேடிட்டேன். பேங்க் லாக்கர்ல இருக்கும். திங்கக்கிழமை போய் எடுத்துப் படம் அனுப்பறேன். கீழ்த்தோட்டத்துப் பேப்பரும் சேர்த்து

மல்லிகா, 8:24
சரிங்ணா

சண்முகம், 8:30
அப்ப கூட்டத்துல பத்திரத்தைப் பத்திக் கேள்வி மட்டும் பதிவு பண்ணிடு செல்வி. நடவடிக்கைப் புத்தகத்துல எழுதினாங்களான்னு நின்னு பார்த்துட்டு வா. நான் பஸ் ஏறிட்டேன், லவ்டேல் தாண்டியாச்சு

செல்வி, 8:33
வாங்க மாமா! தெருவுல 17 வீட்டுல கையெழுத்து வாங்கியிருக்கேன். சுவரு, திண்ணை, கழிப்பறை, விளக்கு, பைப்பு. இந்த அஞ்சு மட்டும் எழுதியிருக்கேன். ரெண்டு லட்சம்னதும் நாலு வீட்டுல "அப்பறம் பார்க்கலாம்"னுட்டாங்க. திண்ணையில மாமனார் பேரு எழுதறதா வேண்டாமா, யாரும் சொல்லலையே

ராஜேந்திரன், 8:41
அம்மாகிட்ட இன்னொரு தடவை கேளு

செல்வி, 8:44
கேட்டேன். பதில் சொல்லல. நாவக்கன்னுக்குத் தண்ணி ஊத்திட்டு இருக்காங்க

முருகேசன், 8:52
வர்க்கி ரெண்டு கிலோ போதுமா மூணா