மரத்தளத்தின் தூண்களைக் கான்கிரீட்டில் புதைக்கலாமா?

புதுத்தச்சன்

வணக்கம் நண்பர்களே. வீட்டின் பின்பக்கம் 12 அடிக்கு 12 அடி அளவில் ஒரு மரத்தளம் போடுகிறேன். வீட்டுச் சுவரோடு சேராமல் தனியாக நிற்கும், தரையிலிருந்து 3 அடி உயரம். மொத்தம் 9 தூண்கள், 6 அடிக்கு ஒன்று. எல்லாம் 4 இஞ்ச் சதுரத்தில் மருந்தேற்றிய மரம். என் திட்டம் என்னவென்றால், 10 இஞ்ச் அகலத்தில் இரண்டரை அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, அடியில் கொஞ்சம் ஜல்லி போட்டு, தூணை உள்ளே நிறுத்தி, ரசமட்டம் வைத்து நேராக்கிச் சுற்றிலும் கான்கிரீட் ஊற்றிவிடுவது. வேலிக்கால் நடுவதை இப்படித்தான் பார்த்திருக்கிறேன், உறுதியாகவே நிற்கிறது. ஆனால் சிலர் மரத்தைக் கான்கிரீட்டுக்குள் விடவே கூடாது என்கிறார்கள். எது சரி? இன்னொன்று, 9 குழிகளிலும் கான்கிரீட்டின் மேல்மட்டம் ஒன்றாக இருக்க வேண்டுமா? நிலம் ஒரு பக்கம் சரிவு, அதுதான் கவலையாக இருக்கிறது.

உளியும்கையும்

தம்பி, கான்கிரீட் மண்ணுக்குள் இருக்கட்டும், மரம் அதற்கு மேலே நிற்கட்டும். இதை மட்டும் மாற்றாதீர்கள்.

வேலிக்காலுக்கும் தளத்தின் தூணுக்கும் வேலையே வேறு. வேலிக்காலின் எதிரி காற்று. அது பக்கவாட்டில் தள்ளும், அதைத் தாங்கத்தான் புதைக்கிறோம். தளத்தின் தூணுக்கு மேலிருந்து பாரம் இறங்குகிறது. அந்தப் பாரத்தை மண் தாங்குமா என்பதுதான் முதல் கேள்வி, உங்கள் 10 இஞ்ச் குழி அங்கேதான் உதைக்கிறது. கணக்கு இதோ: ஆட்கள், சாமான்கள், மரத்தின் எடை எல்லாம் சேர்த்து ஒரு சதுர அடிக்கு 50 பவுண்ட், அதாவது சுமார் 23 கிலோ என்று எடுப்பார்கள். நடுத்தூண் 6 அடிக்கு 6 அடி, 36 சதுர அடியைச் சுமக்கிறது. ஏறத்தாழ 830 கிலோ. மண்ணின் தன்மை தெரியாதபோது ஒரு சதுர அடி மண் 1500 பவுண்ட், 680 கிலோ தாங்கும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் அடியில் 1.2 சதுர அடிக்கு மேல் வேண்டும், வட்டமாக எடுத்தால் 15 இஞ்ச் விட்டம். கான்கிரீட்டின் சொந்த எடையும் இருக்கிறதே, 16 இஞ்ச் வையுங்கள். மூலைத் தூண்களுக்கு இதில் கால் பங்கு பாரம்தான், அங்கே 10 போதும். விளிம்பின் நடுவில் நிற்பவற்றுக்கு 12. மேலிருந்து கீழ்வரை அதே அகலம் தேவையில்லை, அடியை மட்டும் குடைந்து அகலமாக்கினால் போதும். நிலம் உறையும் குளிர்ப்பிரதேசம் என்றால் உறைமட்டத்துக்குக் கீழே போயே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மண் உப்பித் தூணைத் தூக்கிவிடும்.

இப்போது மரம். கான்கிரீட் ஊற்றும்போது மரத்தை இறுக்கிப் பிடித்ததுபோல் இருக்கும். பிறகு மரம் காய்ந்து சுருங்கும், இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். மழைத்தண்ணீர் அதில் இறங்கும், வெளியேற வழியிருக்காது. அடியிலும் கான்கிரீட் இருந்தால் தூண் ஒரு கோப்பைக்குள் நிற்கிற மாதிரிதான். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை அரிக்காது. ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் இடம் தரைமட்டத்தை ஒட்டிய அந்த அரை அடி. புதைத்த தூண்களைப் பிடுங்கிப் பார்த்தால் பெரும்பாலும் அங்கேதான் மக்கியிருக்கும்.

ஆகவே கான்கிரீட்டைத் தரைக்கு மேல் 3, 4 இஞ்ச் உயர்த்தி, தலையை லேசாகச் சரிவாக்கி, ஈரமாக இருக்கும்போதே வளைந்த போல்ட்டை இறக்கிவிடுங்கள். அதன்மேல் இரும்புத் தாங்கி, அதில் தூண். மரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே ஓர் இஞ்ச் இடைவெளி தரும் தாங்கியாகப் பார்த்து வாங்குங்கள்.

மேல்மட்டம் ஒன்றாக இருக்க வேண்டியதே இல்லை. எல்லாத் தூண்களையும் கொஞ்சம் நீளமாகவே நிறுத்தி, மட்டக்குழாயில் தண்ணீர் விட்டு ஒரே மட்டத்தில் கோடு போட்டு, அப்புறம் தலையை அறுத்துக்கொள்ளலாம்.

வைரமரம்

மேலே சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் புதைத்தாலே மக்கிவிடும் என்று பொதுவாகச் சொல்வதை ஏற்க முடியவில்லை. நான் புதைத்த ஆறு தூண்கள் 14 வருடமாக நிற்கின்றன, போன மாதம்கூடச் சுற்றித் தோண்டி உளியால் குத்திப் பார்த்தேன், கட்டியாகவே இருக்கின்றன. காரணம் இருக்கிறது. நல்ல வைரம் பாய்ந்த கட்டை, தண்ணீர் தேங்காத மணல் நிலம், தூணின் அடிமுனையில் கான்கிரீட்டே கிடையாது, நேராக ஜல்லிமேல்தான் நிற்கிறது. களிமண்ணாக இருந்திருந்தால் நானும் புதைத்திருக்க மாட்டேன். களிமண்ணில் அடியில் ஜல்லி போட்டும் பயனில்லை, குழியே வாளி மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. புதைத்த தூண் தானாகவே விறைப்பாக நிற்கும். தாங்கிமேல் நிற்கும் தூண் அப்படியில்லை, அடியில் கீல் வைத்த மாதிரிதான். உங்கள் தளம் சுவரோடு சேராதது, நாலு பேர் சேர்ந்து நடந்தால் ஆடும். தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே 45 டிகிரியில் குறுக்குக்கட்டை கொடுத்தே ஆக வேண்டும், நீளவாட்டில் மட்டும் கொடுத்துவிட்டு அகலவாட்டில் விட்டுவிடாதீர்கள்.

புதுத்தச்சன்

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. என் நிலம் களிமண்தான். ஆனால் ஒரு சிக்கல், மூலைத் தூண் இரண்டை இரண்டு வாரத்துக்கு முன்பே நட்டுவிட்டேன். உலர்ந்த கலவையைக் குழியில் கொட்டி மேலே தண்ணீர் ஊற்றினேன், அப்படிச் செய்யலாம் என்று படித்திருந்தேன். அவை இரண்டையும் அப்படியே விட்டுவிடலாமா? தரைமட்டத்தில் தார் பூசினால் தாங்குமா?

உளியும்கையும்

வைரமரம் அண்ணன் குறுக்குக்கட்டை பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, நான் அதை விட்டிருக்கக் கூடாது.

தம்பி, களிமண் என்றால் அந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள். மேலே தளம் ஏறிய பிறகு ஒரு தூணை மாற்றுவது பெரும்பாடு, இப்போது அரைநாள் வேலை. தார் மேலே புதுத் தண்ணீரைத் தடுக்கலாம், ஆனால் களிமண்ணில் ஈரம் பக்கவாட்டிலும் அடியிலிருந்தும் வரும், அதை உள்ளேயே பூட்டி வைத்த மாதிரி ஆகும். உலர்கலவை கொட்டியதும் எனக்குக் கவலைதான். தண்ணீர் எல்லா இடத்துக்கும் சமமாகப் போயிருக்காது, சில இடம் கல், சில இடம் பொடியாக இருக்கும். வேலிக்கு அது ஓடிவிடும், பாரம் தாங்கும் இடத்தில் நம்ப முடியாது.

பிடுங்குவதற்குக் கடப்பாரையோடு மல்லுக்கட்ட வேண்டாம். சுற்றிலும் ஓர் அடி தோண்டிவிட்டு, தூணின் இருபுறமும் தடித்த கட்டை வைத்து போல்ட்டால் முடுக்குங்கள். கட்டைக்கு அடியில் கார் ஜாக்கி, அதற்கும் கீழே பலகை. இரண்டு பக்கமும் மாறி மாறி ஏற்றினால் கான்கிரீட் உருண்டையோடு எழுந்து வரும். பிறகு குழியில் உதிர்ந்த மண்ணை முழுக்க அள்ளிவிட்டு, கலையாத கட்டித்தரை தெரிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். ஆழம் கூடிவிட்டால் மண்ணைப் போட்டு நிரப்பாதீர்கள், கான்கிரீட்டாலேயே நிரப்புங்கள்.

கலவை 1க்கு ஒன்றரைக்கு 3, அதாவது சிமெண்ட் 1, மணல் ஒன்றரை, ஜல்லி 3. ஒரு 50 கிலோ மூட்டை சிமெண்டுக்குத் தண்ணீர் 25 லிட்டருக்கு மேல் போக வேண்டாம், இளக்கமாக இருந்தால் ஊற்றச் சுலபம், பலம் போய்விடும். 16 இஞ்ச் குழிக்கு ஒரு மூட்டை தாராளம். ஊற்றிய பிறகு ஈரச்சாக்கு போட்டு 7 நாள் காயவிடாமல் வையுங்கள்.

வைரமரம்

இரும்பு விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது வரும் மருந்தேற்றிய மரங்களில் பெரும்பாலும் தாமிரம் இருக்கிறது, அது சாதாரண இரும்பைத் தின்றுவிடும். தாங்கி, போல்ட், ஆணி எல்லாமே உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்ததாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கட்டும், ஒன்றோடொன்று கலக்கவும் வேண்டாம். மருந்து மரத்தின் மையம்வரை போயிருக்காது, அதனால் அறுத்த முனையை மேலே விட்டு, ஆலையிலிருந்து வந்த முனையைக் கீழே வையுங்கள். அறுத்த முனைக்கும் மருந்து பூசிவிடுங்கள்.

கரையான் உள்ள இடமாக இருந்தால் கான்கிரீட் வெளியே தெரிவது கூடுதல் நல்லது. அது மண்கோடு கட்டிக்கொண்டுதான் ஏறும், வெளியே ஏறினால் கண்ணில் பட்டுவிடும். புதைத்த தூணில் உள்ளுக்குள்ளேயே ஏறிவிடும்.

புதுத்தச்சன்

ஜாக்கி வைத்து இரண்டையும் எடுத்தாயிற்று. ஒரு உருண்டையின் அடிப்பாகம் கையால் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது, தண்ணீர் அங்கே போகவே இல்லை. நடுக்குழியை 16 இஞ்சுக்கு அகலப்படுத்திவிட்டேன். நாளைக்குக் கயிறு கட்டி மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று பார்த்துவிட்டு ஊற்றப்போகிறேன்.